இழுத்தபின் திருகுங்கள்!



சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, எம் உறவினர் வீட்டுப் பிள்ளை ஒருவர் எம்மைக் காண வந்தார். ஒரகடத்தில் வாகன உதிரிப் பாகங்கள் செய்யும் ஆலை ஒன்றில் கடைசல் பிரிவில் பணியாற்றுபவர். கையில் ஒரு பழைய தோல் உறையும் ஒரு காகித உறையும் இருந்தன. தோல் உறைக்குள் அவருடைய பாட்டனார் 1950களில் சிங்கப்பூரில் வாங்கிவந்த லைக்கா காமிரா. காகித உறைக்குள் கழுவப்பட்ட ஃபிலிம் சுருள் ஒன்று.

சுருளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். 36 படங்கள், முப்பத்தாறும் மங்கல். மனித உருவங்கள் பனிமூட்டத்தில் நிற்பவைபோல் தெரிந்தனவே அன்றி, ஒரு முகமேனும் இன்னார் முகம் என்று சொல்லும்படியாக இல்லை.

“இதில் பதினோராவது படம் நன்னியுடையது, மாமா” என்றார். அதற்குமேல் அவரால் பேச இயலவில்லை.

அவருடைய நன்னி படமெடுத்துக்கொள்ள என்றுமே இசையாதவர்கள். கைபேசியை நீட்டினால் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொள்வார்கள். விடுமுறையில் ஊர் சென்றிருந்த பேரன், அலமாரியிலிருந்து நன்னாவின் காமிராவை எடுத்துத் துடைத்துக்கொண்டு முன்னே வந்து நின்றபோது மட்டும், “அவுக பொட்டியா? சரி, எடு” என்று திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்களாம். இரண்டு மாதங்களில் நன்னி வஃபாத்தாகிவிட்டார்கள். அதன் பிறகே சுருள் சென்னையில் கழுவப்பட்டு வந்தது. கடவுச்சீட்டுக்காக என்றோ எடுத்த ஒரு சிறு படத்தைத் தவிர, அந்த வீட்டில் நன்னியின் உருவம் வேறெதுவும் இல்லை.

“கண்ணாடியில் பார்த்தபோது தெளிவாகத்தானே இருந்தது? இரண்டு உருவங்களும் ஒன்றாகச் சேரும்வரை வளையத்தைத் திருப்பித்தானே எடுத்தேன்?” என்று கேட்டார். காமிராவை வாங்கி லென்சின் குழாயை விரலால் மெல்ல அழுத்தினோம். தடையேதுமின்றி உள்ளே சென்றது. காரணம் விளங்கிவிட்டது. அதே பிழையை வாசகர் எவரும் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இம்மாதம் இப்பகுதியை இப்பொருளுக்கு ஒதுக்குகிறோம்.

ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரிலிருந்த லைட்ஸ் நிறுவனத்தில் ஆஸ்கர் பார்னாக் என்பவர் உருவாக்கிய சிறு காமிரா, 1925இல் லைக்கா என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. சட்டைப் பையில் அடங்க வேண்டும் என்பதற்காக அதன் 50 மி.மீ. லென்ஸ் ஒரு குழாயில் பொருத்தப்பட்டது. தேவையானபோது குழாயை வெளியே இழுத்துச் சிறிது திருகினால் பூட்டிக்கொள்ளும். வேலை முடிந்தபின் எதிர்ப்புறம் திருகி அழுத்தினால் காமிராவின் வயிற்றுக்குள் அடங்கிவிடும். மாக்ஸ் பெரெக் கணக்கிட்டு வடித்த எல்மார் லென்ஸ் இவ்வகையில் புகழ்பெற்றது. சோவியத் நாட்டின் ஃபெட், ஜோர்க்கி காமிராக்களில் வந்த இண்டஸ்டார் லென்ஸ்களிலும் இதே ஏற்பாட்டைக் காணலாம். 1932இல் வந்த இரண்டாம் லைக்காவில், தொலைவை அளக்கும் ரேஞ்ச் ஃபைண்டர் லென்சோடு இணைக்கப்பட்டது.

இத்தகைய சிறு காமிராக்கள் நம் மண்ணுக்குப் புதியவை அல்ல. பிரெஞ்சு நாட்டுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே பிரெசோன் 1950இல் திருவண்ணாமலைக்கும் புதுச்சேரிக்கும் வந்து, ரமண மகரிஷியையும் அரவிந்தரையும் படமெடுத்தது லைக்காவைக் கொண்டுதான். கடல் கடந்து பொருளீட்டிய நம் முன்னோர் வீட்டுப் பெட்டகங்களிலும் இவ்வகைக் காமிராக்கள் ஒன்றிரண்டு இன்றும் உறங்கிக்கொண்டிருக்கக் கூடும்.

இனி, பிள்ளையின் வினாவுக்கு வருவோம். கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்த காட்சி ஃபிலிமில் மங்கியது எவ்வாறு?

இவ்வகைக் காமிராவில் நாம் கண்ணை வைத்துப் பார்க்கும் சாளரம் வேறு. படம் பதிக்கும் லென்ஸ் வேறு. லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும்கூடச் சாளரத்தில் காட்சி பளிச்சென்று தெரியும். ரேஞ்ச் ஃபைண்டரும் அவ்வாறே. அதை இயக்குவது லென்சின் அடிப்பகுதியிலுள்ள குவிய வளையமே அன்றி, இழுத்து நீட்டும் குழாய் அன்று. குழாய் முழுவதும் உள்ளே கிடந்தாலும் வளையத்தைத் திருப்பினால் இரு உருவங்களும் ஒன்றாகச் சேரும். “எல்லாம் சரி” என்று காமிரா நமக்குச் சொல்லும். ஃபிலிமோ அந்நேரம் மங்கலையே வாங்கிக்கொண்டிருக்கும். அப்பிள்ளை குழாயை இழுத்தார், திருகிப் பூட்டவில்லை. தோளில் மாட்டி நடக்கையிலும், விரல் படும்போதும் அது சிறிது சிறிதாக உள்ளே சரிந்துவிட்டது.

எவ்வளவு சரிந்தால் படம் கெடும்? ஆலைத் தொழிலாளர்களுக்கு இக்கணக்கு எளிதில் விளங்கும். 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு புள்ளி 0.03 மி.மீ. அகலத்துக்குள் விழுந்தால் கண்ணுக்குத் தெளிவு என்பது வழக்கமான அளவுகோல். லென்சின் துளை 3.5இல் இருக்கையில் குழாய் 1 மி.மீ. உள்ளே சரிந்தால், அப்புள்ளி ஏறத்தாழ 0.29 மி.மீ. அகலத்துக்குப் பரந்துவிடுகிறது, அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் ஒன்பது மடங்குக்கு மேல்! துளையை 16 வரை குறுக்கினாலும் 0.06 மி.மீ., அதாவது இரு மடங்கு. திறந்த துளையில் 0.1 மி.மீ. பிசகே நாம் தாங்கக்கூடிய எல்லை. ஆகவே முழுவதும் உள்ளே கிடந்தால்தான் ஆபத்து என்று எண்ணிவிட வேண்டாம். தேய்ந்துபோய் ஆடும் குழாயும் படத்தைக் கெடுக்கும்.

இதனைக் கேட்ட பிள்ளை, “எங்கள் ஆலையில் இவ்வளவு பிசகினால் உதிரிப் பாகத்தைக் கழித்துவிடுவோம்” என்றார்.

சுருளைப் பற்றிய பேச்சு முடிந்ததும் அவர் வேறொரு செய்தி சொன்னார். வெளிச்சமானி உள்ளமைந்த லைக்கா சி.எல். காமிரா ஒன்று அவருக்கு விலைக்கு வருகிறதாம். நன்னாவின் லென்சை இணைப்பு வளையம் ஒன்றின் துணையால் அதில் மாட்டிக்கொள்ளலாம் என்று எண்ணியிருந்தார். எண்ணத்தில் தவறில்லை. திருகு மரைக் காமிராவில் லென்ஸ் அமரும் விளிம்பிலிருந்து ஃபிலிமுக்கு 28.8 மி.மீ.; எம் வகைக் காமிராவில் 27.8 மி.மீ. எஞ்சிய 1 மி.மீ. கனத்தை அவ்வளையம் ஈடுசெய்கிறது. ஆனால் அங்கேதான் இரண்டாவது ஆபத்து காத்திருக்கிறது. இது படத்தையன்று, காமிராவையே கெடுப்பது.

1971இல் வந்த லைக்கா எம் 5 காமிராவிலும், மினோல்டாவின் கூட்டுறவோடு ஜப்பானில் செய்யப்பட்டு 1973இல் வந்த சி.எல். காமிராவிலும், ஒளியை அளக்கும் உணரி ஒரு மெல்லிய கையின் நுனியில் அமைந்துள்ளது. ஷட்டரைத் தயார்ப்படுத்தியதும் அக்கை லென்சுக்குப் பின்னால் வந்து நிற்கும். படமெடுக்கும் கணத்தில் விலகிக்கொள்ளும். அந்நிலையில் குழாயை உள்ளே அழுத்தினால் அது கையின்மேல் மோதும். வளைந்த கையைச் செப்பனிடுவது எளிதன்று; உதிரிப் பாகமும் கடைத்தெருவில் கிடைப்பதன்று. ஆகவே இவ்விரு காமிராக்களிலும் மடக்கு லென்சை மாட்டலாம், படமெடுக்கலாம். மடக்குதல் மட்டும் கூடாது.

பழைய திருகு மரை லைக்காக்களிலும், 1954இல் வந்த எம் 3 முதலியவற்றிலும் இத்தகைய கை இல்லை. 1984இல் வந்த எம் 6 காமிராவோ ஷட்டர் திரையிலுள்ள வெண்புள்ளியில் பட்டுத் திரும்பும் ஒளியை அளப்பது. அதிலும் கை இல்லை. எல்மார் போன்ற லென்ஸ்கள் இவற்றில் மடங்கி அமர்ந்து வந்துள்ளன. ஆயினும் ஒரு நிறுவனத்து லென்சை வேறு நிறுவனத்துக் காமிராவில் மாட்டும்போது முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல இயலாது. உள்ளறையின் தடுப்புகளும் திரையின் இடமும் காமிராவுக்குக் காமிரா வேறுபடும். செயல்முறைக் கையேடு மடக்கலாம் என்று சொன்னாலன்றி மடக்காதிருப்பதே அறிவுடைமை.

பிள்ளைக்கு நாம் எழுதிக் கொடுத்த குறிப்புகளை உங்களுக்கும் தருகிறோம்.

1. லென்சைக் காமிராவில் மாட்டும்போதும் கழற்றும்போதும் குழாய் நீட்டப்பட்டுப் பூட்டிய நிலையிலேயே இருக்கட்டும். மடங்கிய நிலையில் அதன் பின்புறம் நீண்டு நிற்கும். சற்றே சாய்ந்தாலும் உள்ளேயுள்ள ரேஞ்ச் ஃபைண்டர் நெம்புகோலில் இடிக்கும்.

2. புதிதாக ஒரு லென்ஸ் வாங்கினால், காமிராவில் மாட்டுவதற்கு முன் கையில் வைத்தே மடக்கிப் பாருங்கள். பின்புறம் எவ்வளவு நீள்கிறது என்பதை வெர்னியர் கருவியால் விளிம்பிலிருந்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஃபிலிமுக்கு முன்னால் ஷட்டர் திரை இருக்கிறது என்பதை மறவாதீர்கள், 28.8 மி.மீ. முழுவதும் நமக்குரிய இடமன்று. அளவுகோலைக் காமிராவுக்குள் விட்டு அளக்க முனையாதீர்கள், திரை கிழியும்.

3. மடக்குவதற்கு முன் குவிய வளையத்தை முடிவிலித் தொலைவுக்குக் கொண்டுவந்து, பூட்டு இருந்தால் பூட்டுங்கள். வெளிமறைப்பைக் கழற்றுங்கள். குழாயை நேராக இழுங்கள், நேராக அழுத்துங்கள். சிக்கினால் நிறுத்திவிடுங்கள், வலிமை காட்ட வேண்டிய இடமன்று இது.

4. நீட்டியதும் பூட்டும் திசையில் இறுதிவரை திருகுங்கள். பிறகு முன்புறத்தைச் சுண்டுவிரலால் மெல்ல அழுத்திச் சோதியுங்கள். அசையாதிருந்தால் மட்டுமே படமெடுங்கள். பழைய எல்மாரில் துளையை மாற்றும் சிறு நெம்புகோல் லென்சின் முகப்பிலேயே உள்ளது. அதை நகர்த்தும்போது குழாயும் சேர்ந்து திரும்பிப் பூட்டு நழுவலாம். எனவே துளையை மாற்றிய ஒவ்வொரு முறையும் இச்சோதனை வேண்டும்.

5. குழாய் உள்ளே செல்லும்போது காற்றையும் தூசியையும் உடன் கொண்டு செல்கிறது. கனரக வண்டிகள் இடைவிடாது ஓடும் ஒரகடம் சாலையில் நின்று இழுப்பதும் அழுத்துவதுமாக இராதீர்கள். காலையில் வீட்டில் நீட்டினால் மாலையில் வீட்டில் மடக்குங்கள். அதற்கு முன் தூரிகையால் குழாயைத் துடையுங்கள்.

6. பழைய லைக்காவின் ஷட்டர் திரை ரப்பர் பூசிய துணி. மூடியின்றிச் சூரியனை நோக்கிக் கிடந்தால், பூதக்கண்ணாடி காகிதத்தை எரிப்பதுபோல் லென்ஸ் அத்திரையில் துளையிட்டுவிடும். நம் வெயிலில் இதனை ஒருபோதும் மறத்தலாகாது.

7. மழைக்காலத்தில் தோல் உறைக்குள் பூட்டி வைக்காதீர்கள். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள், பூஞ்சை அண்டாது.

எம் 5, சி.எல். போன்றவற்றை வைத்திருப்போர், பெயர்ப்பட்டை அச்சிடும் தடித்த பிளாஸ்டிக் ஒட்டுப் பட்டையைக் குழாயைச் சுற்றி ஒட்டிவிடுவது பழைய வழக்கம். மறதியால் அழுத்தினாலும் குழாய் அதற்குமேல் உள்ளே செல்லாது. பிள்ளை இதைக் கேட்டதும் சற்றுச் சிந்தித்தார். அடுத்த ஞாயிறு மீண்டும் வந்தபோது அவர் கையில் ஒரு வெண்ணிற நைலான் வளையம் இருந்தது. ஒருபுறம் வெட்டப்பட்ட, பிறை போன்ற வடிவம். நீட்டிய குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் அளந்து, மேலாளரின் அனுமதியோடு, கழிவில் கிடந்த துண்டைக் கடைந்து செய்தாராம். நீட்டிப் பூட்டிய குழாயின்மேல் அதைக் கவ்வ வைத்தால் இடைவெளி முழுவதும் நிரம்பிவிடுகிறது. குழாய் இம்மியும் உள்ளே நகர்வதில்லை. உலோகத்தில் செய்திருந்தால் குழாயின் மெருகில் கீறல் விழும். நைலானைத் தேர்ந்தது நல்லறிவு.

இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் உருவாகின்றன. ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் நோக்கியா கைபேசிகள் 2006 முதல் 2014 வரை உருவாயின. இன்று சுங்குவார்சத்திரத்தில் ஐபோன்கள் உருவாகின்றன. விரலால் தொட்டால் தானே குவியம் பார்த்துக்கொள்ளும் காமிராக்கள் அவற்றுள் அடங்கியுள்ளன. அவ்வளவு வசதியிருக்க, இந்தப் பழைய பெட்டி எதற்கு என்று நீங்கள் வினவலாம். நாம் பிள்ளையிடம் இதையே வினவினோம்.

“கைபேசியைப் பார்த்தால் நன்னி முகத்தை மூடிக்கொள்வார்கள், மாமா. இந்தப் பெட்டிக்குத்தான் முகம் காட்டினார்கள்” என்றார்.

வாசகர்களே, உங்கள் இல்லத்திலும் இத்தகைய பெட்டி ஒன்று இருக்குமானால், பெரியவர்கள் இருக்கும்போதே வெளியே எடுங்கள். ஆனால் அவர்கள் முன் நேராகச் சென்று நிற்காதீர்கள். முதலில் ஒரு சுருளை வாயிற்படியையும் முற்றத்து மரத்தையும் எடுத்துச் செலவிடுங்கள். கழுவிப் பாருங்கள். தெளிவு என்று கண்டபின் அவர்களிடம் செல்லுங்கள். இழுங்கள், திருகுங்கள், விரலால் அழுத்திச் சோதியுங்கள். அதன் பிறகே கண்ணைச் சாளரத்தில் வையுங்கள்.

அப்பிள்ளை அவ்வாறே ஒரு சோதனைச் சுருளை முடித்துவிட்டார். இரண்டாவது சுருளின் முதற்படம் அவருடைய தாயாருடையது. சென்ற வாரம் அச்சிட்டு எடுத்துவந்து காட்டினார். அதே திண்ணை. கண்ணோரச் சுருக்கங்கள்கூட ஒவ்வொன்றாய் எண்ணும்படி இருந்தன.

அடுத்த திங்கள் வேறொரு பொருளுடன் சந்திப்போம்.