பெடல் இறங்கும் லொறியில் ஆள் ஏற்றாதே!



மலைநாட்டு வீதியில் ஒரு வாகனம் பள்ளத்தில் போனால் அன்றைக்கே இரண்டு பேச்சுகள் கிளம்பும். ஒன்று, "பிரேக் பிடிக்கவில்லையாம்." மற்றது, "டிரைவரின் கவனயீனமாம்." முதல் பேச்சு மரணவீட்டோடு முடிந்துவிடுகிறது. இரண்டாவது பேச்சுத்தான் பொலிசுக்கும் கோட்டுக்கும் போகிறது. டிரைவர் கூண்டில் நிற்கிறார். அந்த லொறியை அந்த நிலையில் வீதிக்கு அனுப்பியவர்கள் ஒபிசில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நமது இதழில் சம்பளம், காணி, வீடு பற்றி எழுதுகிறோம். இம்முறை ஒரு பழைய லொறியின் பிரேக் பெடலைப் பற்றி எழுதுகிறேன். கொழுந்து லொறியில் ஏறி மலைக்குப் போகிறவர்கள் நம் அக்கா தங்கைமார். அம்புலன்ஸ் வராத இரவில் பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் அதே லொறிதான். ஆகவே இதுவும் தொழிற்சங்கப் பிரச்சினைதான்.

பிரேக் திடீரென ஒரே நாளில் சாவது அபூர்வம். பெரும்பாலும் பல நாட்களுக்கு முன்பே பெடல் வழியாக அது அறிவித்துவிடும். கால் வைத்தால் பஞ்சு மாதிரி அமுங்கும். வழமையை விடக் கீழே போய்ப் பிடிக்கும். டிரைவருக்கு அது முதல் நாளே விளங்கும். ஒபிசில் சொல்வார். "பம்ப் பண்ணி ஓட்டு, மாதக் கடைசியில் பார்ப்போம்" என்று பதில் வரும். வாயால் சொன்னதற்கு வாயால் பதில். எங்கும் எழுத்தில் இல்லை. மாதக் கடைசிக்கு முன் விபத்து நடந்தால், "எங்களுக்கு யாரும் அறிவிக்கவில்லை" என்று சொல்ல அவர்களுக்கு என்ன தடை?

பெடல் ஏன் இறங்குகிறது?

இதை வகுப்பில் விளங்கப்படுத்த எனக்கு ஊசி கழற்றிய இரண்டு சிரிஞ்சும் ஒரு சேலைன் குழாயும் போதும். எல்லாவற்றையும் தண்ணீரால் நிரப்பி, இரண்டு சிரிஞ்சையும் குழாயால் இணைத்து, ஒன்றை அமுக்கினால் மற்றது உடனே எழும்பும். தண்ணீரை நசுக்கிச் சுருக்க முடியாது. கொடுத்த அமுக்கத்தை அப்படியே மறுபக்கம் கொண்டு சேர்க்கும். இப்போது குழாய்க்குள் கொஞ்சம் காற்று விட்டுப் பாருங்கள். இந்தப் பக்கம் பாதி அமுக்கியும் அந்தப் பக்கம் சரியாக அசையாது. காற்று சுருங்கி உங்கள் பலத்தை விழுங்கிவிடும்.

சின்ன லொறி, வேன் ஆகியவற்றின் பிரேக்கும் இதே கணக்குத்தான். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஒயிலைத் தள்ளும். ஒயில் குழாய் வழியே சில்லுகளுக்குப் போய் லைனரை டிரம்மில் அழுத்தும். காற்றுப் பிரேக் உள்ள பெரிய லொறிகளின் அமைப்பு வேறு. அதை இங்கே பேசவில்லை.

வாகனம் சமதரையில் நிற்கும்போதே நோயைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஆனால் ஒன்றை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெடலில் கால் வைத்தபடி என்ஜினை ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் இறங்கும். அது பூஸ்டர் வேலை செய்வதன் அறிகுறி, பழுதல்ல. பழுதின் அறிகுறிகள் இவை:

1. பெடல் பஞ்சு போல அமுங்குகிறது, இரண்டு மூன்று தடவை அடித்தால் இறுகுகிறது. குழாயில் காற்று இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். காற்றை வெளியே எடுத்தால் பெடல் இறுகும். ஆனால் காற்று சும்மா உள்ளே வராது. ஒயில் குறைந்திருக்க வேண்டும், அல்லது எங்கோ ஒரு இணைப்பு விட்டிருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்காமல் காற்றை மட்டும் எடுத்து அனுப்பினால் அடுத்த கிழமை அதே கதை.

2. முதல் மிதியில் ஆழமாகப் போகிறது, உடனே மறுபடி மிதித்தால் மேலேயே கல் மாதிரி நிற்கிறது. லைனர் தேய்ந்து டிரம்முக்கும் அதற்கும் இடைவெளி கூடியிருக்கும். அட்ஜஸ்ட் பண்ண வேண்டும், அல்லது லைனர் மாற்ற வேண்டும். எல்லாவற்றிலும் சுலபமான வேலை இது. இதைக்கூடச் செய்யாமல் தள்ளிப்போட எந்த நியாயமும் இல்லை.

3. பெடலை ஒரு நிமிடம் ஒரே பலத்தில் அழுத்திப் பிடித்தால் மெதுவாகத் தரையை நோக்கி இறங்குகிறது. ஒயில் டப்பாவைப் பாருங்கள். ஒயில் குறைகிறதென்றால் வெளியே கசிகிறது. டயரின் உட்பக்கம், குழாய் இணைப்புகள், பெடலுக்கு மேலே உள்ள பகுதி எங்காவது ஈரமாக இருக்கும். ஒயில் குறையவில்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் தேய்ந்து, தள்ளிய ஒயிலையே திரும்ப விடுகிறது. "பம்ப் பண்ணி ஓட்டு" என்பது ஆளைக் கொல்லும் ஆலோசனையாவது இங்கேதான். வேகமாக அடித்தால் பிடித்துவிடும். வளைவில் மெதுவாக அழுத்திப் பிடிக்கும்போது காலுக்குக் கீழே காணாமல் போகும்.

4. காலையில் நன்றாக இருக்கிறது, நீண்ட இறக்கத்தின் அடியில் இறங்கிவிடுகிறது, நின்று ஆறினால் மறுபடி சரியாகிறது. இதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஆறிப்போகும் சாட்சி

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியசில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய பின் அதே தரம் 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. டொட் 4 என்றால் 230 பாகை, ஈரம் ஏறிய பின் 155 பாகை. நாமோ மழையும் பனிமூட்டமும் நிறைந்த ஊரில் இருக்கிறோம். வருடக் கணக்கில் மாற்றாத ஒயில் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பாரம் ஏற்றிய லொறி கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும்போது டிரம் கொதிக்கிறது. சூடு ஒயிலுக்கு ஏறுகிறது. பழைய ஒயில் கொதித்து ஆவியாகிறது. சிரிஞ்சுக்குள் விட்ட காற்றைப் போல அந்த ஆவியும் மிதித்த பலத்தை விழுங்கிவிடும். பெடல் தரையில் போய் முட்டும்.

பிறகு நடப்பதுதான் அநியாயம். ஆவி ஆறினால் மறுபடி ஒயிலாகிவிடும். மறுநாள் பரிசோதிப்பவர் பெடலை மிதித்தால் இறுகி நிற்கும். "பிரேக் நன்றாகத்தானே இருக்கிறது" என்பார். சாட்சி ஆறிப்போய்விட்டது. மிஞ்சுவது டிரைவரின் வாய்ச்சொல் மட்டும். அவர் உயிரோடு இருந்தால்.

நம் வீதிகளின் இறக்கம் எப்படிப்பட்டது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் இறங்கி வந்த பஸ் ஒரு வேனிலும் ஓட்டோவிலும் மோதி 7 உயிர்கள் போனதை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட இறக்கங்களில் தினமும் இறங்கும் வாகனத்துக்கு ஒயில் மாற்றிய திகதிகூட எழுதி வைக்காதவர்கள், டிரைவரின் கவனத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அவர்கள் சொல்லும் சாட்டுகள்

"பழைய வாகனம், என்ன செய்வது?" என்பார்கள். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் முழுமையாகத் திறந்தது. பழைய வாகனங்கள் நெடுநாள் ஓடவேண்டி வந்தது உண்மை. ஆனால் லொறிக்கு 30 வயது என்பதால் அதன் பிரேக் ரப்பருக்கும் 30 வயது இருக்க வேண்டியதில்லை. ரப்பர், குழாய், லைனர், ஒயில் எல்லாம் தேயத் தேய மாற்றுவதற்கென்றே செய்யப்பட்டவை. பழசு என்பது கூடுதலாகப் பார்ப்பதற்குக் காரணம். பார்க்காமல் விடுவதற்கு அல்ல.

"டிரைவர் பழக்கப்பட்டவர், சமாளிப்பார்" என்பார்கள். சமாளிக்கிறார், உண்மைதான். அவருடைய திறமையை வைத்துத்தான் பழுதை மூடி மறைக்கிறார்கள். அவர் சுகமில்லாமல் லீவு போட்ட நாளில் வேறொருவர் அதே சீட்டில் உட்கார்ந்தால் என்ன நடக்கும்?

"தகுதிச் சான்றிதழ் இருக்கிறது" என்பார்கள். சான்றிதழ் பரிசோதித்த நாளின் நிலையைச் சொல்லும். நேற்று கசியத் தொடங்கிய குழாயைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

"லொறியை நிறுத்தினால் கொழுந்து கெட்டுவிடும்" என்பார்கள். இதுதான் உள்ளத்தில் இருக்கும் உண்மை. மடுவத்தில் ஒரு கிலோ கொழுந்து குறைந்தால் கணக்குக் கேட்கிறார்கள். டப்பாவில் பிரேக் ஒயில் குறைந்தால் கேட்க ஆளில்லை. கெட்ட கொழுந்தை எறிந்துவிட்டு நாளை வேறு கொழுந்து பறிக்கலாம். லொறியில் இருந்த ஆட்களுக்கு என்ன செய்வது?

சட்டமும் நமது பக்கம் பேசும்

சர்வதேச தொழில் தாபனத்தின் 1981ஆம் ஆண்டு 155ஆம் இலக்கச் சமவாயத்தின் 13ஆம் உறுப்புரை, உயிருக்கு உடனடியான பாரதூர ஆபத்து உண்டென்று நியாயமாக நம்பி வேலையிலிருந்து விலகும் தொழிலாளி பழிவாங்கப்படக் கூடாது என்கிறது. 2022 ஜூனில் இந்தச் சமவாயம் அடிப்படைச் சமவாயங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. பெடல் தரைக்குப் போகும் லொறியை ஓட்டமாட்டேன் என்று சொல்லும் டிரைவர் அடம்பிடிக்கிறவர் அல்ல. அந்தச் சொல்லுக்கு உலகம் ஏற்றுக்கொண்ட நியாயம் இருக்கிறது.

வேலையின்போது வேலை காரணமாக ஏற்படும் காயத்துக்கு நட்டஈடு தரவேண்டும் என்று 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அந்தப் பணம் நமது உரிமை, விடக்கூடாது. ஆனால் கால் போன பிறகு வரும் காசை விட, கால் போகாமல் காப்பாற்றும் ஒரு குப்பி ஒயில் நமக்குப் பெரிது.

நமக்குள்ளும் பேச வேண்டும்

டிரைவர் தம்பிமாரே, டீசல் மிச்சம் என்று சொல்லி நியூட்ரலில் இறங்காதீர்கள். என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கவே வேண்டாம். பூஸ்டரின் உதவி போய்விடும். ஏறும் கியரிலேயே இறங்குங்கள், என்ஜினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் டப்பாவில் என்ஜின் ஒயில் ஊற்ற யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பரெல்லாம் ஊதிக் கெட்டுவிடும். காற்று எடுக்கும்போது வெளியே வந்த ஒயிலைத் திரும்ப ஊற்ற வேண்டாம். இறக்கத்தில் பெடல் போய்விட்டால் வேகமாக அடித்துப் பாருங்கள், கியரைக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள், வேறு வழியில்லையென்றால் பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைப்பக்கம் மண்ணில் ஒட்டுங்கள்.

பெற்றோரே, பிள்ளைகள் போகும் வேனையும் கேளுங்கள். வேன்கார அண்ணனும் நம்மைப் போலக் கஷ்டப்படுகிறவர்தான். அதனால் சண்டை வேண்டாம். எல்லோரும் சேர்ந்து, "அண்ணே, பிரேக் ஒயில் எப்போது மாற்றினீர்கள்?" என்று கேட்டால் போதும். பதில் தெரியாவிட்டால் மாற்றச் சொல்லுங்கள்.

நமது கோரிக்கைகள்

1. ஒவ்வொரு தோட்ட வாகனத்துக்கும் ஒரு கொப்பி வேண்டும். காலையில் பெடல் நிலை, ஒயில் மட்டம், திகதி ஆகியவற்றை டிரைவர் எழுத வேண்டும். பழுது எழுதிய நாளில் ஒபிசில் பொறுப்பானவர் கையொப்பமிட வேண்டும். ஒரு பிரதி தோட்டத் தலைவரிடம் இருக்க வேண்டும்.

2. பெடல் இறங்கினால் திருத்தும் வரை வாகனம் நிற்க வேண்டும். அந்த நாளுக்கு டிரைவருக்கும் உதவியாளுக்கும் முழுப்பேர் போட வேண்டும்.

3. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஒயில் முழுவதும் மாற்ற வேண்டும். ரப்பர் குழாய், லைனர், சிலிண்டர் ஆகியவற்றைப் பார்த்த திகதியும் கொப்பியில் ஏற வேண்டும்.

4. வாகனம் நிற்கும் நாளில் நோயாளியைக் கொண்டு போக மாற்று வாகனத்துக்கு நிர்வாகம் பொறுப்பேற்க வேண்டும்.

5. விபத்து நடந்தால் பிரேக் பரிசோதனை சங்கப் பிரதிநிதி முன்னிலையில் நடக்க வேண்டும். ஒயிலையும் எடுத்து வைத்துப் பரிசோதிக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் கோடிக்கணக்கில் செலவாகும் விஷயம் அல்ல. முதலாவது கோரிக்கைக்குத் தேவை ஒரு கொப்பியும் ஒரு பேனையும். அதைக்கூடத் தரத் தயங்கினால், பணம் இல்லை என்பதல்ல காரணம். எழுத்தில் வந்துவிட்டால் பொறுப்பும் வந்துவிடும் என்ற பயந்தான் காரணம்.

அடுத்த லேபர் டேயில் தலைவர்மாரும் மாதர் சங்கத்து அக்காமாரும் ஒன்றாகப் போய்த் துரையிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "லொறிக் கொப்பி எங்கே?" கொப்பி வரும்வரை ஒவ்வொரு கிழமையும் கேளுங்கள்.

— தோட்டப் பாடசாலை ஆசிரியர், சங்க அமைப்பாளர்