டார்ச்சில் ஐந்து மோடு எதற்கு?

வெள்ளியங்கிரி சீசன் வந்துவிட்டது. பிப்ரவரி பிறந்தால் எங்கள் கோவைப் பக்கம் யாரைப் பார்த்தாலும் "எப்பங்க மலை ஏறறீங்க?" என்பதுதான் பேச்சு. காலையில் என்னோடு நடக்க வரும் நண்பர், பேரன் ஆன்லைனில் வாங்கிக் கொடுத்த டார்ச்சைக் கொண்டுவந்து காட்டினார். டப்பாவில் "10,000 லூமென்ஸ், 5 மோடு, எஸ்.ஓ.எஸ். வசதி" என்று போட்டிருந்தது. விலை 499 ரூபாய். "இது கையில இருந்தா காட்டுல பயமே இல்லீங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அன்றைய நடை முழுவதும் சண்டைதான். மீதிச் சண்டையை இங்கே போடுகிறேன்.

முதலில் அந்தப் பத்தாயிரம். காரில் இருக்கும் சாதாரண ஹாலஜன் ஹெட்லைட் பல்பே ஆயிரத்துச் சொச்சம் லூமென்ஸ்தான் தரும். 499 ரூபாய் டார்ச், உள்ளங்கைக்குள் அடங்கும் பேட்டரியோடு, அதைப் போல ஏழெட்டு மடங்கு வெளிச்சம் தருமாம். இதை நம்புகிற நாம்தான் கத்தரிக்காய் வாங்கும்போது காம்பைக் கிள்ளிப் பார்க்கிறோம்.

சரி, நிஜமாகவே தரும் என்று வைத்துக்கொள்வோம். அவசரத்துக்கு அது தேவையா? வழி பார்க்கும் வெளிச்சம் வேறு, நான் இங்கே இருக்கிறேன் என்று காட்டும் வெளிச்சம் வேறு. நல்ல இருட்டில் ஒரு மெழுகுவத்திச் சுடர்கூட ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் தெரியும். இரண்டு மடங்கு தூரத்துக்குத் தெரிய வேண்டுமென்றால் நாலு மடங்கு வெளிச்சம் வேண்டும். பேட்டரியும் அந்தக் கணக்கிலேயே கரையும். விழுந்து கிடக்கிறவனுக்கு வேண்டியது கண்ணைப் பறிக்கிற ஒளி இல்லை, விடிகிற வரைக்கும் அணையாத ஒளி.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் சகலையிடம் கற்றுக்கொண்டேன்.

2012 ஏப்ரல். நாங்கள் ஆறு பேர் ராத்திரி மலை ஏறினோம். நான் தந்தி ஆபீசிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. சகலை கையில் அப்போது புதிதாக வந்திருந்த சீன டார்ச். ஐந்தாவது மலை ஏறும்போது ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்று பின்தங்கினார். பாதையை விட்டு நாலு அடி தள்ளிப் போனவர், சரிவில் வழுக்கி ஒரு பள்ளத்தில் விழுந்துவிட்டார். கணுக்கால் முறிவு. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. அன்று வார நாள், கூட்டமும் இல்லை. டார்ச்சின் பொத்தானை அழுத்தி அழுத்தி எஸ்.ஓ.எஸ். மோடைத் தேடியிருக்கிறார். பதற்றத்தில் அவர் நின்றது அதற்கு முந்தைய மோடில். படபடவென்று வேகமாக வெட்டும் விளக்கு.

மேலேயிருந்து நான் திரும்பிப் பார்த்தேன். கீழே சரிவில் ஒரு வெளிச்சம் படபடத்தது. "யாரோ சின்னப் பசங்க, திருவிழா சீரியல் லைட் மாதிரி விளையாடறானுங்க" என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தோம். சகலை வேறு கோஷ்டியோடு சேர்ந்து வருவார் என்று நினைத்து மேலே போய்விட்டோம்.

முப்பத்தேழு வருஷம் தந்தி ஆபீசில் இருந்தவன் நான். மோர்ஸ் சத்தத்தைத் தூக்கத்தில்கூட எழுத்தாகக் கேட்டவன். சொந்தச் சகலை உதவிக்குக் கூப்பிட்டதைப் பார்த்துவிட்டுச் சிரித்தேன். விடிந்த பிறகுதான் வேறு ஆட்கள் கண்டுபிடித்து, டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். இன்றைக்கும் அவர் காலைச் சாய்த்துத்தான் நடப்பார். ஒரு நாள்கூட என்னைக் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குப் பெரிய தண்டனை.

ஆகவே என் கட்சி இதுதான். பார்க்கிறவனுக்குப் புரியாத வெளிச்சம் அடையாளம் ஆகாது. சீசன் ராத்திரியில் மலை முழுக்க மின்மினி மாதிரி நூற்றுக்கணக்கான டார்ச். அதில் ஒன்று கூடுதலாக மின்னினால் யார் திரும்பிப் பார்ப்பார்? தாளம்தான் தனித்துத் தெரியும்.

அந்தத் தாளம் ஒன்றும் புதிதல்ல. ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலையேறிகள் 1894-லேயே வகுத்துவிட்டார்கள். ஒரு நிமிஷத்துக்கு ஆறு முறை, அதாவது பத்து விநாடிக்கு ஒரு தரம், விளக்கைக் காட்ட வேண்டும். பிறகு ஒரு நிமிஷம் சும்மா இருக்க வேண்டும். மறுபடி ஆறு. பார்த்துவிட்டோம் என்று பதில் சொல்ல, நிமிஷத்துக்கு மூன்று முறை. விளக்கு இல்லையென்றால் விசிலிலும் இதே கணக்கு. எஸ்.ஓ.எஸ். கப்பல்காரர்களுக்காக 1906-இல் பெர்லின் மாநாட்டில் ஏற்றது: மூன்று குறில், மூன்று நெடில், மூன்று குறில், நடுவில் இடைவெளி விடாமல். நல்லதுதான். ஆனால் கடைசித் தந்தியே 2013 ஜூலையோடு போய்விட்ட நாட்டில் அதை எத்தனை பேர் படிப்பார்கள்? ஆறு வரை எண்ண எல்லோருக்கும் தெரியும்.

"செல்போன் இருக்கே" என்பார்கள். செல்போன் டார்ச் பக்கத்தில் பரவுமே தவிர தூரம் போகாது. அதை எரித்தபடியே ஏறினால், டவர் கிடைக்கிற ஓர் இடத்தில் 112-ஐக் கூப்பிட சார்ஜ் இருக்காது. போனை அணைத்துப் பைக்குள் வையுங்கள். அது கூப்பிடுவதற்கு மட்டும்.

"வெளிநாட்டில் சாட்டிலைட் கருவி வைத்திருக்கிறார்களே" என்று என் மகனே கேட்டான். நம் நாட்டில் உரிய அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருந்தால் போலீஸ் பிடிக்கும். அந்த வழி அடைத்திருக்கும்போது விளக்கையும் விசிலையும் நாம் இன்னும் மரியாதையாக நடத்த வேண்டாமா?

தீ மூட்டி அடையாளம் காட்டலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். மலை திறந்திருக்கும் மாதங்கள்தான் புல் காய்ந்து கிடக்கும் மாதங்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ வந்தபோது மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். காட்டில் நெருப்பை நாம் அழைக்க வேண்டியதில்லை.

என்ன வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு: ஒரே பொத்தான், அழுத்தினால் எரிய வேண்டும், மறுபடி அழுத்தினால் அணைய வேண்டும். மோடு இருந்தே தீருமென்றால் இரண்டு போதும்: கூட, குறைய. இருட்டு அறையில் கண்ணை மூடிக்கொண்டு இயக்கிப் பாருங்கள், முடியாவிட்டால் வேண்டாம். டப்பாவில் எஃப்.எல்.1 என்ற தரக்குறி இருந்தால் நல்லது. ஆனால் அதில் போட்டிருக்கும் மணிக்கணக்கு, ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறைகிற வரைக்கும் என்று புரிந்துகொள்ளுங்கள். மழைக்கு ஐ.பி.எக்ஸ்.4 போதும், தண்ணீரில் விழுந்தாலும் தாங்க ஐ.பி.எக்ஸ்.7. மாற்று பேட்டரியைத் தனியாக உலர்ந்த கவரில் வையுங்கள். வீட்டில் சும்மா கிடக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கசிந்து உள்ளே பச்சை பூத்த டார்ச்சுகள் எத்தனை பார்த்திருக்கிறோம்! கழுத்தில் ஒரு விசில். மேகம் இறங்கினால் விளக்கு கண்ணுக்கு எதிரே வெள்ளைச் சுவராக நிற்கும். அப்போது விசில்தான் பேசும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், கிளம்பும் முன் கூட வருகிறவர்களிடம் சொல்லிவிடுவது: "ஆறு தரம் காட்டினால் ஆபத்து. மூன்று தரம் காட்டினால் வருகிறோம்." இதற்கு ஒரு பைசா செலவில்லை. டார்ச் விற்கிறவர் இதைச் சொல்ல மாட்டார்.

நண்பர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பூங்கா வாசலில் நின்று விசிலை ஆறு தரம் ஊதினார். நான் மூன்று தரம் கைதட்டினேன். காவலாளி எங்களை ஒரு மாதிரி பார்த்தார். அவருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தோம்.