காசநோய்: சளிக்கு முன்னால் இரத்தம்

காசநோயைக் கண்டறியும் வழக்கமான சோதனைகள் கிருமியைத் தேடுபவை. சளியை நுண்ணோக்கியில் பார்ப்பது, கிருமியை வளர்த்துப் பார்ப்பது, 2010இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஜீன்எக்ஸ்பெர்ட் (இந்தியாவில் சிபிநாட்) ஆகிய மூன்றும் பெரும்பாலும் சளியையே நம்பியிருக்கின்றன. சிறு குழந்தைகளுக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது. எச்.ஐ.வி. தொற்றுள்ள பலரின் சளியில் கிருமி மிகக் குறைவாக இருக்கும். நோய் நிணநீர்க் கணுவிலோ மூளை உறையிலோ இருந்தால் சளியால் பயனில்லை. நோய் உறுதியாகாமல் மருத்துவமனைகளுக்கு அலைபவர்களில் இவர்கள் பலர்.

இரத்த மரபணு வெளிப்பாட்டுச் சோதனை கிருமியை விட்டுவிட்டு, அதற்கு உடல் தரும் எதிர்வினையைப் படிக்கிறது. தொற்று ஏற்பட்டதும் வெள்ளணுக்களில் சில மரபணுக்கள் மும்முரமாகின்றன, சில அடங்குகின்றன. எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அதிலிருந்து உருவாகும் தூது ஆர்.என்.ஏ.வின் அளவு காட்டிவிடும்.

2010இல் லண்டனில் ஆன் ஓ'காராவின் குழு, தீவிரக் காசநோய் உள்ளவர்களின் இரத்தத்தில் 393 ஆர்.என்.ஏ.க்கள் கொண்ட ஒரு தடத்தைக் கண்டது. அதில் மேலோங்கி நின்றவை இன்டர்ஃபெரானால் தூண்டப்படும் மரபணுக்கள். வைரஸுக்கு எதிரான ஆயுதமாகவே அதுவரை பெரிதும் பேசப்பட்ட இன்டர்ஃபெரான், பாக்டீரியா நோயொன்றில் இப்படி வெளிப்பட்டது எதிர்பாராதது. சிகிச்சை தொடங்கியபின் அந்தத் தடம் மங்கியது. அது நோயின் போக்கோடு சேர்ந்தே நகர்வதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. பின்னர் பட்டியல் சுருங்கியது. 2016இல் ஸ்டான்ஃபோர்டில் பூர்வேஷ் காத்ரியின் குழு ஜிபிபி5, டியூஎஸ்பி3, கேஎல்எஃப்2 என்ற மூன்று மரபணுக்களே போதும் என்றது.

பலவீனமும் இன்டர்ஃபெரானிலேயே இருக்கிறது. சாதாரண வைரஸ் காய்ச்சலும் இன்டர்ஃபெரானைக் கிளப்பிவிடும். அப்போது காசநோய் இல்லாதவருக்கும் சோதனை தரும் எண் உயரும். எச்.ஐ.வி.யிலும் இதே குழப்பம் உண்டு.

நோயை முன்கூட்டியே சொல்லும் முயற்சியும் நடந்தது. தென்னாப்பிரிக்க வளரிளம் பருவத்தினரிடம் கண்டறிந்த 16 மரபணுத் தடம், நோய் வெளிப்படுவதற்கு முந்தைய ஓராண்டுக்குள் அதை 66 விழுக்காட்டினரிடம் அடையாளம் கண்டதாக 2016இல் லான்செட் இதழ் வெளியிட்டது. பெரும் நம்பிக்கை பிறந்தது. ஆனால், அதன் வழிவந்த 11 மரபணுச் சோதனையில் பாசிட்டிவ் வந்தவர்களுக்குத் தடுப்பு மருந்து கொடுத்துப் பார்த்த கார்டிஸ் ஆய்வில், 15 மாதங்களில் நோய் குறையவில்லை. இனி வரப்போகும் நோயைவிட, ஏற்கெனவே தொடங்கிவிட்ட நோயையே இரத்தம் தெளிவாகச் சொல்கிறது.

ஆகவே இந்தச் சோதனைக்குப் பொருத்தமான இடம் முதல் வாசல்: யாரைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவது என்று பிரிப்பது. அதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த குறைந்தபட்ச அளவுகோல், நோயாளிகளில் 90 விழுக்காட்டினரைப் பிடிக்க வேண்டும், நோயற்றவர்களில் 70 விழுக்காட்டினரைச் சரியாக விலக்க வேண்டும் என்பது. இருமலோடு வரும் 1,000 பேரில் 50 பேருக்குக் காசநோய் என்று வைத்துக்கொள்வோம். சோதனை 45 பேரைப் பிடிக்கும். நோயற்ற 285 பேரையும் சேர்த்து இழுக்கும். 330 பேருக்கு மட்டும் சளி பார்த்தால் போதும், 670 பேருக்கு வேண்டியதில்லை. ஆய்வகப் பணியாளர்களின் சுமை மூன்றில் ஒரு பங்காகிறது. தவறவிடப்பட்ட ஐந்து பேரை மறக்கக் கூடாது. இருமல் நிற்காவிட்டால் மறுபடியும் வரச் சொல்வது இச்சோதனையின் பகுதியாகவே இருக்க வேண்டும்.

விரல் நுனியில் எடுத்த துளி இரத்தத்தை ஜீன்எக்ஸ்பெர்ட் கருவியிலேயே சோதிக்கும் கார்ட்ரிட்ஜ், முன்மாதிரி வடிவில் உருவாகி ஆய்வுகளைக் கண்டிருக்கிறது. பாக்டீரியாத் தொற்றா, வைரஸ் தொற்றா என்று பிரிக்கும் இதன் உறவுச் சோதனையான டிரைவெரிட்டிக்கு 2025இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. 29 ஆர்.என்.ஏ.க்களை அளந்து அரை மணி நேரத்தில் முடிவு தரும் அது, தேவையற்ற ஆன்டிபயாடிக்கைக் குறைக்க உதவக்கூடும்.

உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். நோய் உண்டு, இல்லை என்று பிரிக்கத் தென்னாப்பிரிக்காவில் வகுத்த வரம்பெண்ணை இங்கே அப்படியே எடுத்துக்கொள்வது சரியல்ல. சளி எடுக்க முடியாத குழந்தைகளுக்குத்தான் இச்சோதனை அதிகம் தேவை. பெரியவர்களின் இரத்தத்தில் நிர்ணயித்த எண் குழந்தைகளுக்குப் பொருந்துமா என்பதை இந்தியக் குழந்தைகளிடமே சோதித்தாக வேண்டும்.