பர்கருக்குள் ஒரு பேட்டி

"அம்மா, பிறந்தநாளுக்கு பேட்டி நம்ம வீட்டுலயே செஞ்சிடலாமா?" என்று மகள் கேட்டாள். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் அம்மா நிமிர்ந்து பார்த்தார். "பேட்டியா? யாருடி எடுக்க வர்றாங்க?"

பர்கர் பன்னுக்கு நடுவில் வைக்கிற கறி வடைக்குத்தான் அந்தப் பெயர் என்று புரியவைப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. "அட, கோலா உருண்டையைத் தட்டையா தட்டுனா அதுதானே?" என்றார் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். அங்கேதான் தப்பு நடந்தது.

மகளின் தோழிகள் ஆறு பேர் வருவதாக இருந்தது. காலையிலேயே கொத்துக்கறியில் பச்சை வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, முட்டை, ரஸ்க் தூள், உப்பு எல்லாம் போட்டு, சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசைந்து மூடி வைத்துவிட்டேன். மதியம் கனமாகத் தட்டி தோசைக்கல்லில் போட்டால், ஒவ்வொன்றும் பந்து மாதிரி உப்பிக்கொண்டது. ஓரமெல்லாம் தண்ணீர் கசிந்தது. வெளியே நல்ல கறுப்பு வந்ததும் வெந்துவிட்டது என்று பன்னில் வைத்துக் கொடுத்துவிட்டேன். ஒரு பிள்ளை இரண்டு கடி கடித்துவிட்டு, "ஆன்ட்டி, உள்ளே ஜில்லுனு இருக்கு" என்றாள். பிட்டுப் பார்த்தால் நடுவில் பச்சைக் கறி.

எல்லாத் தட்டையும் பிடுங்கிக்கொண்டேன். பிள்ளைகளுக்கு அன்று மதியம் தயிர் சாதமும் சிப்ஸும்தான். அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு ஒரு வாரம், தினம் ஒரு சாக்கு சொல்லி போன் செய்தேன். கடைசி நாள் உண்மையைச் சொன்னேன். "அட, இதுக்கா இப்படி?" என்று அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்று சொல்கிறேன்.

முழுக் கறித்துண்டில் கிருமி இருந்தால் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். சூடு பட்டதும் செத்துவிடும். ஆனால் கறியைக் கொத்தும்போது மேலே இருந்தது அத்தனையும் உள்ளே கலந்துவிடுகிறது. அதனால் கொத்துக்கறிக்கு நடுப்பகுதிவரை சூடு போயே ஆகவேண்டும். அமெரிக்காவில் 1993-ல் ஒரு துரித உணவுக் கடையின் சரியாக வேகாத மாட்டிறைச்சி பர்கரைச் சாப்பிட்டு 700 பேருக்கும் மேல் நோயில் விழுந்தார்கள். நான்கு குழந்தைகள் இறந்துபோனார்கள். ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் ஒரு கொடிய வகை அது; சிறு பிள்ளைகளின் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்துவிடும். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இத்தனைக்கும் எங்கள் வீட்டு கோலா உருண்டைக்கு அம்மா கறியை முதலில் வேகவைத்து, நீர் வற்ற வதக்கி, பொட்டுக்கடலை சேர்த்து அரைத்துத்தான் உருட்டுவார். ஷாமி கபாபும் அப்படியே. கடலைப்பருப்போடு வெந்த கறியைத்தான் தட்டுகிறார்கள். "வேகாத கறியை உருண்டை புடிச்சா உள்ளே என்ன கதைனு யாருக்குத் தெரியும்?" என்று அம்மா எத்தனையோ தரம் சொன்னது காதில் விழுந்திருந்தால் தானே! பர்கர் பேட்டி பச்சைக் கறியில் தட்டுவது. கோலா கணக்கு இங்கே செல்லாது.

அதற்கப்புறம் நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் இதே வேலைதான். கைக்கு வந்த கணக்கைச் சொல்கிறேன்.

கறிக்கடையில் "பாய், பர்கருக்குக் கொத்தணும்" என்றதும், "கொழுப்பை எடுத்துடவாம்மா?" என்றுதான் கேட்டார். எடுக்கவே கூடாது. வெள்ளாட்டுக் கறியில் இயல்பாகவே கொழுப்பு குறைவு. அது இல்லாவிட்டால் பேட்டி வறட்டி மாதிரி ஆகிவிடும். ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருக்கட்டும். தொடைக்கறியோடு ஓரக் கொழுப்பையும் சேர்த்து, இரண்டு தடவை கொத்தித் தரச் சொல்லுங்கள். வாங்கிய அன்றே செய்துவிடுங்கள்.

கொத்துக்கறியைச் சல்லடையில் போட்டு அலசுகிற பழக்கம் நம்மில் நிறைய பேருக்கு உண்டு. அலசினால் தண்ணீர் கோத்துக்கொண்டு, கல்லில் போட்டதும் உதிரும். கழுவாமல் மனசு கேட்காது என்றால், துண்டுகளாகவே வாங்கிக் கழுவி, சுத்தமான துணியால் நன்றாக ஒற்றி எடுங்கள். ஃப்ரீசரில் இருபது நிமிஷம் வைத்து, பாதி இறுகியதும் மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் விழுதாகிவிடும்.

அரைக் கிலோ கறிக்கு ஆறு பேட்டி வரும். முட்டை, ரஸ்க், மைதா எதுவும் வேண்டாம். குளிர்ந்த கறியும் கொழுப்பும் தானாகவே ஒட்டிக்கொள்ளும். முக்கியமாக உப்பை உள்ளே கலக்காதீர்கள். உப்பு கறியிலுள்ள புரதத்தைக் கரைத்துப் பசை மாதிரி ஆக்கிவிடும். சாசேஜுக்கு அந்தப் பசை தேவை. பேட்டிக்கு ரப்பர் போட்ட மாதிரி ஆகிவிடும். நான் காலையிலேயே உப்பு போட்டுப் பிசைந்தேனே, பந்தாக வந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். தட்டி முடித்து, கல்லில் போடுகிற நேரத்தில் இரண்டு பக்கமும் உப்பும் மிளகுத் தூளும் தூவினால் போதும். பச்சை வெங்காயமும் உள்ளே வேண்டாம், தண்ணீர் விடும். பன்னுக்குள் வட்டமாக நறுக்கி வைத்துக்கொள்ளலாம்.

கையில் அழுத்திப் பிசையாமல், லேசாகக் கூட்டிப் பிடித்து, ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டுங்கள். பன்னைவிட அரை அங்குலம் அகலமாகவே இருக்கட்டும், வேகும்போது சுருங்கும். நடுவில் கட்டைவிரலால் மெதுவடைக்கு ஓட்டை போடுவது போல, ஆனால் துளைக்காமல், ஒரு குழி. ஓரம் முதலில் வெந்து இறுகி நடுவை மேலே தள்ளும் இல்லையா, அந்தக் குழி அதைச் சமன் செய்துவிடும். தட்டியதை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

இரும்பு தோசைக்கல்லை நன்றாகக் காயவிட்டு, கொஞ்சம் எண்ணெய் தடவி, மிதமான தீயில் பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிஷம். தோசைத் திருப்பியால் அழுத்தத் தோன்றும். அழுத்தாதீர்கள், சாறு முழுக்கக் கல்லுக்குப் போய்விடும். உள்ளே நிறம் மாறியதை வைத்து வெந்துவிட்டது என்று முடிவு கட்டவும் முடியாது. வேகுமுன்பே பழுப்பாகிவிடுகிற கறியும் உண்டு. நான் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிட்டேன். முனையைப் பக்கவாட்டில் நடுப்பகுதிவரை செருகினால் 71 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும், சிக்கன் என்றால் 74. தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கனமாகத் தட்டவே வேண்டாம். பச்சைக் கறி வைத்திருந்த தட்டிலேயே வெந்ததை எடுத்து வைக்காதீர்கள். இது அவசரத்தில் எல்லோருக்கும் வருகிற தப்பு.

சைவக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உருளைக்கிழங்கு பேட்டி உடைவதற்கும் தண்ணீர்தான் காரணம். கிழங்கை முதல் நாளே வேகவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மறுநாள் மசியுங்கள், இறுகிப் பிடிக்கும். கேரட், பட்டாணியை ஈரம் போக வதக்கி ஆறவைத்துச் சேருங்கள். நான்கு கிழங்குக்கு இரண்டு ஸ்பூன் அவல் பொடி போட்டால் மிச்ச ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சோளமாவுக் கரைசலில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டி, கல்லில் எண்ணெய் விட்டுச் சிவக்க எடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அதே ஆறு பேரையும் மறுபடி அழைத்திருந்தோம். தெர்மாமீட்டரைச் செருகி எண்ணைப் பார்த்து உரக்கச் சொல்வது மகளின் வேலை. எழுபத்தாறு, எழுபத்தெட்டு என்று ஏலம் விடுகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தாள். அன்று இரண்டு கடி கடித்த பெண், புதினா சட்னியும் மயோனைஸும் கலந்து தடவி இரண்டு பர்கர் சாப்பிட்டாள்.

அம்மாவுக்கும் ஒன்று வைத்துக் கொடுத்தேன். பன்னைப் பிரித்து ஓரமாக வைத்தார். பேட்டியை மட்டும் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு மென்றார்.

"நல்லாத்தான் வெந்திருக்கு. ரசம் இருந்தா ஊத்து, சாதத்துக்குத் தொட்டுக்கிறேன்."