பூட்டு யாருக்காக?

பைத்தானில் ‘பிரைவேட்’ இல்லை, ஆகவே பொருளின் உள்விவரத்துக்குக் காப்பே இல்லை என்கிறார் நண்பர். ஜாவாவில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? நம் வகுப்பின் பிரைவேட்டையே ரிஃப்ளெக்‌ஷன் திறந்துவிடும். கவலை திருடனைப் பற்றியதல்ல, கைதவறுபவரைப் பற்றியது. பெயருக்கு முன் இரண்டு அண்டர்ஸ்கோர் போட்டால் பைத்தான் வகுப்பின் பெயரையும் சேர்த்து ஒட்டிவிடும். துணைவகுப்பில் ஒருவர் தெரியாமல் அதே பெயரை வைத்தாலும் மோதாது.

நண்பர் காணாத ஓட்டை வேறு. ‘பேலன்ஸ்’ என்ற பண்பை எழுத்துப்பிழையோடு எழுதி மதிப்பளித்தால், சத்தமில்லாமல் புதுப் பண்பு ஒன்று முளைக்கும். பழையது அப்படியே கிடக்கும். அதைத் தடுக்க ‘ஸ்லாட்ஸ்’ இருக்கிறது (தாய்வகுப்புகளிலும் போடவேண்டும், அது ஒரு தொல்லை).

இயங்குநிலை மொழிகளில் கண்டிப்பான பூட்டே சாத்தியமில்லை என்பதும் தவறு. ஜாவாஸ்கிரிப்ட்டின் 2022 தரத்தில் ஹேஷ் குறியிட்ட புலத்தை வகுப்புக்கு வெளியே எழுதினால், நிரல் ஓடத் தொடங்குவதற்கு முன்பே இலக்கணப் பிழை.