வீட்டுக்குள் ஒரு போர்க்களம்!



ஆடு புலி ஆட்டம் தெரியாத ஆள் நம் சேலம், நாமக்கல் பக்கத்தில் உண்டா? கோயில் மண்டபத்துக் கல்லிலும், ஏரிக்கரைப் பாறையிலும் கோடு கீறி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் நம் பாட்டன்மார்கள். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. அவ்வளவுதான் சாமான். பலசாலி மூன்று பேரை, பலமில்லாத பதினைந்து பேர் ஒன்றுகூடி எப்படி மடக்குவது என்பதுதான் ஆட்டத்தின் சாரம். பார்த்தால் விளையாட்டு. யோசித்தால் போர்ப் பாடம்!

சதுரங்கமும் அப்படியே. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நான்கு படைகளையும் கட்டத்துக்குள் நிறுத்திய ஆட்டம் இந்தியாவில் பிறந்தது. பாரசீகம் போனது, அரபு நாடு போனது, ஐரோப்பா போனது. செஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு திரும்பி வந்தது. 2022-ல் 44-வது செஸ் ஒலிம்பியாட் நம் மாமல்லபுரத்திலேயே நடந்தது.

ஆனால் நண்பர்களே, சதுரங்கப் பலகையில் ஒரு குறை உண்டு. அதில் மலை இல்லை, ஆறு இல்லை, சேறு இல்லை. உண்மையான போர் கட்டத்துக்குள் நடப்பதில்லை, மண்ணில் நடக்கிறது. அந்த மண்ணையே சிறிதாக்கி மேஜை மேல் கொண்டுவந்து, குட்டி பொம்மைப் படைகளை நிறுத்தி, அங்குலக் கணக்கில் நகர்த்தி, பகடை உருட்டி ஆடும் ஆட்டம் ஒன்று இருக்கிறது. அதற்கான மேஜையை நம் வீட்டிலேயே, நம் ஊர்ச் சாமானை வைத்தே செய்யலாம், செய்யவும் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இது யார் கண்டுபிடிப்பு?

ஜெர்மனியின் ஒரு பகுதியாக இருந்த பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்பவர், நிலத்தைத் துண்டு துண்டாகச் செய்து மேஜை மேல் அடுக்கி ஆடும் போர் ஆட்டத்தை 1812-ல் தம் மன்னருக்குக் காட்டினார். அவருடைய மகன் ராணுவ அதிகாரி. அவர் 1824-ல் அதே ஆட்டத்தை 1:8000 அளவுள்ள வரைபடத்துக்கு மாற்றி விதிமுறைகளை அச்சிட்டார். பிரஷ்ய ராணுவம் அதைத் தன் அதிகாரிகளுக்குப் பயிற்சியாகவே வைத்தது. பிறகு 1913-ல் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ், பொம்மைச் சிப்பாய்களையும் ஸ்பிரிங் பீரங்கியையும் வைத்துத் தரையில் ஆடும் ஆட்டத்துக்கு விதி எழுதி 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகமாகப் போட்டார். அன்று முதல் அது வீட்டு விளையாட்டாகவும் ஆகிவிட்டது.

நமக்கும் இது முழுக்கப் புதிது அல்ல. நம் ராணுவத்தில் மணலில் மலையும் சாலையும் செய்துவைத்துத் திட்டம் விளக்குவார்கள். என்.சி.சி. முகாமுக்குப் போன நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள், 'சாண்ட் மாடல்' என்பார்கள். நவராத்திரிக் கொலுவில் மணலைக் கொட்டி, கேழ்வரகு முளைக்கவிட்டு, கண்ணாடித் துண்டை வைத்துக் குளம் என்று பார்க் கட்டுகிறார்களே, அந்தக் கைவேலைதான் இதுவும்.

"செல்போனில் சண்டை போட்டுக்கொள்கிறோமே, அது போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது! செல்போனில் நீ ஒரு ஆள், உன் கையில் ஒரு துப்பாக்கி. மேஜையில் நீ ஒரு தளபதி. எதிரே உன் நண்பன் நிஜமாக உட்கார்ந்திருக்கிறான். செத்தால் ஒரு நொடியில் மறுபடி உயிர் வராது. போன படை போனதுதான்.

மேஜை செய்யும் விதம்

முதலில் அளவு. வெளிநாட்டில் 6 அடிக்கு 4 அடி மேஜையை வழக்கமாக வைத்திருக்கிறார்கள். அகலம் 4 அடிக்கு மேல் போகக் கூடாது, போனால் நடுவில் இருக்கிற பொம்மைக்குக் கை எட்டாது. நம் வீட்டு அறைக்கு 4 அடிக்கு 3 அடியே தாராளம். 2 அடிக்கு 3 அடியில் இரண்டு பலகை செய்துகொண்டால் ஆடும்போது சேர்க்கலாம், முடிந்ததும் சுவரோரம் சாய்த்துவிடலாம். இரண்டு ஸ்டூல் போதும், தனியாகக் கால் வேண்டாம்.

பலகைக்கு லாரி பாடி பட்டறையில் கழித்துப் போடும் பிளைவுட் துண்டு போதும். அடியில் ரீப்பர் அடித்தால் வளையாது. மலைக்கு நம் நாமக்கல்லே வாரி வழங்குகிறது முட்டை அட்டையை! கிழிந்துபோன, சுத்தமான அட்டையாகப் பொறுக்கி, வெயிலில் காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு அரைத்தால் காகிதக் கூழ். கிழங்கு மாவுப் பசை கலந்து பூசினால் காய்ந்ததும் பாறை மாதிரி நிற்கும். பூச்சி வராமலிருக்கப் பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடலாம், ஆனால் அது விஷம். குழந்தைகள் கையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புல்லுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூள், உழுத நிலத்துக்குத் தேங்காய் நார்த்தூள், பனைமரத்துக்குத் துடைப்பக்குச்சி, ஏரிக்கு உடைந்த கண்ணாடி (ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்துவிட்டு). படைக்குத் திருவிழாக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் சிப்பாய். அதுவும் இல்லையா? புளியங்கொட்டை காலாள், சோழி குதிரைப்படை!

இங்கேதான் நம் படிப்பு உள்ளே வருகிறது. நாமக்கல் கோட்டைப் பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் சுமார் 65 மீட்டர். 1:1000 ஸ்கேலில் 6.5 செ.மீ. அட்டைப்பெட்டி அட்டையின் கனம் 5 மி.மீ. என்றால் ஒவ்வொரு அடுக்கும் 5 மீட்டர் கான்டூர். 13 அடுக்கு ஒட்டினால் பாறை ரெடி! 4 அடிப் பலகையில் சுமார் 1,220 மீட்டர் நீளம் அடங்கும், பாறையோடு கமலாலயக் குளமும் வந்துவிடும். சர்வே வகுப்பில் கான்டூர் கோடு நெருங்கினால் செங்குத்து, விலகினால் சரிவு என்று மனப்பாடம் செய்கிறோம். கத்தரிக்கோலால் 13 தடவை வெட்டிப் பாருங்கள், பிறகு சாகும்வரை மறக்காது.

இன்னொரு விஷயம். 1:1000-ல் ஒரு மனிதன் 2 மி.மீ. கூட இருக்க மாட்டான். ஆகவே நிலத்துக்கு ஒரு ஸ்கேல், படைக்கு ஒரு ஸ்கேல். ஒரு புளியங்கொட்டைக்கு 20 சிப்பாய் என்று கணக்கு. காலாள் ஒரு முறைக்கு 6 அங்குலம் நகரலாம், குதிரை 12, மலை ஏறினால் பாதி. பழைய மஸ்கட் துப்பாக்கி குறிபார்த்து அடிக்கும் தூரம் சுமார் 100 மீட்டர், அதாவது 4 அங்குலம். பகடையில் 5, 6 விழுந்தால் அடி பட்டது. தகராறு வந்தால் தீர்க்க ஒரு நடுவர். இவ்வளவுதான் சட்டம், மற்றதை நீங்களே சேர்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் எழும் கேள்வி

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவுக்கு லாரி பாடி பட்டறையில் தச்சு வேலை. அம்மா கோழிப்பண்ணையில் முட்டை அடுக்குகிறார். எங்கள் வீட்டில் மேஜை என்று ஒன்று இருந்ததே கிடையாது. படிப்பு, சாப்பாடு, தூக்கம் எல்லாம் தரைதான். அப்படிப்பட்ட வீட்டில் பலகையை எடுத்து வைத்தால் என்ன ஆகும்?

"ஏஞ்சாமி, ஞாயித்துக்கெழமை சென்ட்ரிங் வேலைக்குப் போனாலும் நாலு காசு வருமே. பொம்மை வெச்சு ஆடுற வயசா இது? ஊரு சிரிக்காதா?" என்றார் அம்மா.

அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது. பஸ்ஸுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் காசு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் நண்பர்களே, நம்மைப்போல் முதன்முதலாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வினோதச் சட்டம் இருக்கிறது. நாம் செய்வதெல்லாம் ஒன்று காசாக வேண்டும், இல்லை மார்க் ஆக வேண்டும். இரண்டுமே ஆகாத ஒரு மணி நேரத்தை நாம் செலவழித்தால் அது குற்றம்! வசதியுள்ள வீட்டுப் பிள்ளை இதே ஆட்டத்தை ஆடினால் 'ஹாபி' என்பார்கள். நாம் ஆடினால் 'வெட்டி வேலை' என்பார்கள். இதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. மாதத்தில் மூன்று ஞாயிறு நான் வேலைக்குப் போகிறேன். ஒரு ஞாயிறு மேஜைக்கு. அந்த ஒன்றை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

நடந்தது என்ன தெரியுமா? பலகை ஆடுவதைப் பார்த்த அப்பா, சும்மா இருக்க முடியாமல் ரசமட்டத்தை எடுத்து வந்தார். "மட்டமே இல்லாம எதுக்குடா மேல மலை கட்டுற?" என்று ரீப்பரைக் கழற்றி அவரே அடித்துக் கொடுத்தார். அன்று எனக்கு அவர்தான் வாத்தியார். கூழ் மலையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டால் அடியில் இருப்பது நல்ல பலகை அல்லவா? எட்டாவது படிக்கும் என் தங்கை தினமும் அதில்தான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் மேஜை, போர் மேஜை! அம்மா இப்போதும் முனகத்தான் செய்கிறார். ஆனால் கிழிந்த முட்டை அட்டையைப் பண்ணையில் கேட்டு வாங்கிவருவதும் அவர்தான்.

பாறை சொன்ன பாடம்

நாமக்கல் கோட்டையை 1768-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். அதே ஆண்டிலேயே ஹைதர் அலி திரும்பப் பிடித்தார். அண்ணாந்து பார்த்தாலே கழுத்து வலிக்கும் பாறை, ஒரே வருஷத்தில் இரண்டு தடவை கை மாறியது எப்படி? நாங்கள் நான்கு பேர் மேஜையில் பலமுறை ஆடிப் பார்த்தோம். நேராக ஏறியவன் ஒவ்வொரு தடவையும் தோற்றான். ஜெயித்தவன் ஏறவே இல்லை! குளத்தையும் பாதைகளையும் பிடித்துக்கொண்டு கீழேயே உட்கார்ந்துவிட்டான். அன்று உண்மையில் என்ன நடந்தது என்பதற்கு இது சாட்சி ஆகாது. ஆனால் கோட்டை என்பது வெறும் சுவர் அல்ல. தண்ணீர், சோறு, செய்தி என்ற மூன்றும் சேர்ந்ததுதான் கோட்டை என்று புளியங்கொட்டை எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

தீரன் சின்னமலையை நாம் மேடையில் புகழ்கிறோம், ஆடிப் பதினெட்டில் மாலை போடுகிறோம். 1801-ல் காவிரிக்கரை, 1802-ல் ஓடாநிலை, 1804-ல் அரச்சலூர் என்று கம்பெனிப் படையோடு மோதியவர். 1805-ல் நம் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். "வீரர், தீரர்" என்று கைதட்டிவிட்டுப் போவது சுலபம். அவர் எந்த மண்ணில் நின்றார், எத்தனை பேரை வைத்துக்கொண்டு, பீரங்கி உள்ளவனை எப்படி எதிர்த்தார் என்று மேஜையில் ஒரு முறை நின்று பாருங்கள். அப்போதுதான் அந்த வீரத்தின் கனம் தெரியும்.

போரை விளையாட்டாக்கலாமா?

இது நியாயமான கேள்வி. எங்கள் ஆட்டத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அடிபட்ட புளியங்கொட்டையைப் பலகையிலிருந்து எடுக்கும்போது, எடுப்பவன் வாய்விட்டு "இருபது வீடு" என்று சொல்ல வேண்டும். ஒரு கொட்டைக்கு 20 ஆள், 20 ஆளுக்கு 20 அடுப்பு. ஆட்டம் முடிவதற்குள் ஒரு சின்ன ஊரே காலியாகிவிடும். முதலில் சிரித்துக்கொண்டே சொன்னவர்கள், கடைசியில் மெதுவாகச் சொல்கிறார்கள். வெல்ஸும் தம் புத்தகத்தில், பொம்மைப் போரே போதும், பெரிய போர் வேண்டாம் என்ற கருத்தைத்தான் சொன்னார். உலகம் கேட்கவில்லை. அடுத்த வருஷமே, 1914-ல், முதல் உலகப் போர் வெடித்தது. செய்தியில் "நூறு பேர் பலி" என்று படித்துவிட்டுப் பக்கம் திருப்பும் நமக்கு, நூறு என்றால் எவ்வளவு என்று இந்த மேஜை காட்டும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

நமது பொது அறையில் கேரம் போர்டு இருக்கிறது, செஸ் போர்டு இருக்கிறது. அருமை! அவற்றோடு ஒரு போர் மேஜையும் வரட்டும். காலொடிந்த பழைய டிராயிங் மேஜைகள் மூலையில் தூசி தின்றுகொண்டிருக்கின்றன. அவற்றில் இரண்டு கொடுத்தால் போதும். சிவில் பிரிவு நண்பர்கள் கான்டூர் வெட்டட்டும், மெக்கானிக்கல் நண்பர்கள் ஸ்பிரிங் பீரங்கி செய்யட்டும், டெக்ஸ்டைல் நண்பர்கள் கொடி தைக்கட்டும். சங்ககிரி மலையை நம் கல்லூரிக்குள் கொண்டுவருவோம்.

வீட்டில் இடமில்லை என்று சொல்லும் நண்பனுக்கு ஒரு வார்த்தை. இடம் யாரும் கொடுப்பதில்லையப்பா, பலகையைப் போட்டால்தான் இடம் பிறக்கும். இந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையை உனக்கென்று எடுத்துக்கொள். ஒரு பலகை, கொஞ்சம் முட்டை அட்டை, ஒரு கைப்பிடி புளியங்கொட்டை. எதிரே உட்கார ஒரு நண்பன். கூப்பிட்டால் நானே வருகிறேன்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், சிவில் பிரிவு