கேட்டுட்டுப் போனீங்களே, பதில் எங்கே?



போன வாரம் எங்க ஊருக்கு மறுபடியும் ஒரு காலேஜ் வேன் வந்துச்சு. வனவியல் படிக்கிற பிள்ளைகள். எங்க ராமநாதபுரம் சீமையில சீமைக்கருவேலத்தைப் பத்தி ஆராய்ச்சியாம். பத்து வருஷத்துல இது நாலாவது வேன். நாலுக்கும் திண்ணையில உக்காந்து பதில் சொன்னவன் நான். "நீங்க சொன்னதை வச்சு இதைக் கண்டுபிடிச்சோம் ஐயா"ன்னு இதுவரை ஒருத்தரும் திரும்பி வந்ததில்லை.

"கருவேல மரத்தால் நன்மையா, தீமையா?"ன்னு ஃபாரத்துல ஒரு கேள்வி. எந்தக் கருவேலம்னு கேட்டேன். பிள்ளை முழிக்குது. நாட்டுக் கருவேலம் பூ மஞ்சள் உருண்டை. சீமைக்கருவேலம் பூ கதிர் மாதிரி நீளம். முன்னது நம்ம மரம், பின்னது வெள்ளைக்காரன் காலத்துல அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்தது. ரெண்டும் கண்மாய்க்கரையிலதான் நிக்குது. பிள்ளைகளைக் குறை சொல்லலை. ரெண்டு நாள்ல ஃபாரத்தை நிரப்பிட்டு வாங்கன்னு அனுப்பின வாத்தியார்களைத்தான் சொல்றேன்.

எனக்கு அந்த மரம் தீமைதான். வரத்துக்கால் அடைச்சுக் கிடக்கு, மிளகாய்க் காட்டு ஓரமெல்லாம் முள்ளு. ஆனா மழை பொய்ச்ச வருஷம், கரிமூட்டம் போடுற எங்க தெரு அக்கா வீட்டுல உலை கொதிச்சது அந்த மரத்தாலதான். அவங்ககிட்ட யாரும் ஃபாரம் நீட்டலை. பகல்ல அவங்க வீட்டுல இருந்தாத்தானே?

2017ல் ஹைகோர்ட் மதுரைக் கிளை இந்த மரத்தை அகற்றச் சொல்லுச்சு. எங்க கண்மாய்க்கும் ஜேசிபி வந்துச்சு. மேல வெட்டிட்டுத் தூரை விட்டுட்டுப் போனாங்க. தூர்ல மறுபடி தழைஞ்சிருச்சு. ஆடுமாடு காயைத் தின்னு போட்ட சாணியில, புழுக்கையில புதுசாவும் முளைச்சிருச்சு.

ஆராய்ச்சி வேணாம்னு நான் சொல்லலை. இங்கதான் வேணும்னு சொல்றேன். தூரோட பிடுங்க ஏக்கருக்கு என்ன செலவு? பிடுங்கின இடத்துல என்ன மரம் வச்சா நிலைக்கும்? கரிக்காரங்களுக்கு மாத்துப் பொழப்பு என்ன? காத்துல உள்ள ஈரத்தையே உறிஞ்சுதுன்னு வாட்சப்புல ஓடுதே, அதை அளந்து பாத்துச் சொல்லுங்க. என் கிணறு இருக்கு. மாசாமாசம் வந்து தண்ணி மட்டம் அளங்க, சோறு நான் போடுறேன்.

"படிப்பு முடிய ஆறு மாசம்தான் இருக்கு, அதுக்குள்ள எப்படி?"ம்பீங்க. சரி, இந்த வருஷப் பிள்ளை விட்ட இடத்துல அடுத்த வருஷப் பிள்ளை தொடரட்டும். கண்மாய் எங்கயும் ஓடிப் போகாது.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நாள்கள்ல கிராம சபை கூடுது. அதுல ஒரு நாள் வந்து, கண்டுபிடிச்சதைத் தமிழ்ல படிச்சுக் காட்டுங்க. தப்பா இருந்தா அந்தக் கரிக்கார அக்காவே திருத்தும்.

அஞ்சாவது வேன் வரட்டும். முதல்ல பழைய நாலு பதிலையும் கேப்பேன். அது வந்தாத்தான் பேனாவைத் தொடுவேன்.